சராசரியில் அடங்கி உச்சத்தில் வழிவது: பெருங்கோட்டுருக்களும் நினைவக வரம்பும்

ட்விட்டரில் யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்ற விவரத்தைத் தென்கொரியாவின் கைஸ்ட் ஆய்வாளர்கள் 2009இல் திரட்டி, அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். 4.17 கோடி கணக்குகள். அவற்றுக்கிடையே ஏறத்தாழ 147 கோடி தொடர்புகள். பெரிய கோட்டுருக்களை, அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட வலைகளை, கையாள எழுதப்படும் மென்பொருள்கள் தங்கள் திறனைச் சோதித்துக் காட்டும் பொதுத் தரவாக அது ஆகிவிட்டது. ஒவ்வொரு தொடர்பையும் நான்கு பைட் எண்கள் இரண்டாக எழுதினால் மொத்தம் 12 ஜிகாபைட்டுக்கும் சற்றுக் குறைவுதான் வரும். இன்றைய மடிக்கணினியின் நினைவகத்திலேயே அது அடங்கிவிடும். ஆனாலும் இதைவிடப் பல மடங்கு நினைவகம் கொண்ட சர்வர் தொகுதிகளில் இந்த அளவிலான தரவுகளை ஓட்டியவர்கள், பாதி வேலையில் நினைவகம் தீர்ந்து எல்லாம் நின்றுபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் ஜிராஃப், ஜிபிஎஸ், மைசான், கிராஃப்லேப் ஆகிய நான்கு அமைப்புகளை 128 கணினிகள் வரை வைத்து ஒப்பிட்டு 2014இல் எழுதிய ஆய்விலும், நினைவகம் போதாமல் முடியாமற்போன ஓட்டங்கள் இடம்பெற்றிருக்கின்றன.

12 ஜிகாபைட் எங்கே போய் இத்தனை பெரிதாகிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த விடைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று துலங்குகிறது. தரவின் மொத்த அளவு இங்கே முதன்மையான சிக்கல் அல்ல. எந்தக் கணினியில், எந்தக் கணத்தில், எவ்வளவு தேவைப்படும் என்பதே சிக்கல். சராசரியைப் பார்த்துக் கட்டிய அமைப்புகள் உச்சத்தில் உடைகின்றன. உச்சத்துக்கு முன்கூட்டியே வரம்பு கட்டிய அமைப்புகள், சற்று மெதுவாகவேனும், வேலையை முடிக்கின்றன.

கூகுள் 2010இல் வெளியிட்ட ப்ரெகெல் கட்டுரையிலிருந்து தொடங்குவதே முறை. கோட்டுருவின் முனைகளைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கணிப்பு சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு முனையும் தனக்கு வந்த செய்திகளைப் படித்து, தன் நிலையை மாற்றி, அண்டை முனைகளுக்குச் செய்தி அனுப்பும். எல்லோரும் முடித்த பிறகே அடுத்த சுற்று. லெஸ்லி வேலியன்ட் 1990இல் முன்வைத்த ஒத்திசைவுக் கணிப்பு முறையை அடியொற்றியது இது. நிரல் எழுதுபவர் ஒரு முனையின் இடத்திலிருந்து யோசித்தால் போதும் என்பதால் மிக விரைவில் பரவியது. 100 கோடி முனைகளும் 12,700 கோடி விளிம்புகளும் கொண்ட ஒரு செயற்கைக் கோட்டுருவில் மிகக் குறுகிய பாதைகளைப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கண்டதாக அந்தக் கட்டுரை காட்டியது. அதே கட்டுரை இன்னொன்றையும் நேர்மையாகச் சொன்னது: கணிப்பின் நிலை முழுவதும் நினைவகத்திலேயே இருக்கிறது, சிலவற்றை மட்டும் வட்டுக்குத் தள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த எடுகோள்தான் பின்னால் வந்த ஆய்வுகளுக்கெல்லாம் வேலை வைத்தது.

நினைவகத்தில் இடம் கேட்பவை மூன்று: முனைகளின் நிலை, விளிம்புகள், செய்திகள். முதல் இரண்டையும் ஓட்டத்துக்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். மூன்றாவது அப்படி அல்ல.

விளிம்புகளில் நடக்கும் விரயம் எளிதில் புரியக்கூடியது. ப்ரெகெலின் திறமூல வாரிசான அப்பாச்சி ஜிராஃப் ஜாவாவில் எழுதப்பட்டது. எட்டு பைட் எண்ணை ஜாவாவில் ஒரு பொருளாக வைத்தால் அதன் தலைப்பகுதியும் சேர்ந்து 16 முதல் 24 பைட் வரை பிடிக்கும். அதைச் சுட்டும் முகவரிக்குத் தனி இடம். அட்டவணைக்குள் வைத்தால் அந்தப் பதிவுக்கும் தனி இடம். எட்டு பைட் வேண்டிய இடத்தில் ஐம்பது அறுபது பைட் ஆகிவிடும். கூடவே, கோடிக்கணக்கான சிறு பொருள்களைப் பார்வையிட்டுத் தேவையற்றதை விடுவிக்கும் ஜாவாவின் குப்பை சேகரிப்பு, நினைவகம் நிரம்ப நிரம்ப அடிக்கடி ஓடி எல்லாக் கணினிகளையும் காக்க வைக்கும். ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஜிராஃபைத் தமக்கென மாற்றியபோது முதலில் கைவைத்த இடங்களுள் இது ஒன்று. ஒரு முனையின் விளிம்புகளை எல்லாம் பொருள்களாக வைக்காமல் ஒரே பைட் வரிசையாக அடுக்கினார்கள். 2013இல் 200 கணினிகளில், ஒரு லட்சம் கோடி விளிம்புகள் கொண்ட கோட்டுருவில், இணைப்புகளை வைத்து முனைகளின் முக்கியத்துவத்தை மதிப்பிடும் பேஜ்ரேங்கின் ஒரு சுற்றை நான்கு நிமிடத்துக்குள் முடித்ததாக அவர்கள் அறிவித்ததற்குப் பின்னால் இந்தச் சிக்கனம் பெரிய பங்கு வகித்தது.

செய்திகளுக்கு வருவோம். ட்விட்டர் கோட்டுருவில் பேஜ்ரேங்க் கணக்கிடும்போது ஒரு சுற்றில் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு செய்தி பயணிக்கும். முகவரிக்கு நான்கு பைட், மதிப்புக்கு எட்டு பைட் என்றால் 147 கோடி செய்திகளுக்கு 17 ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டும். மூலத் தரவைவிடச் செய்திகள் பெரிதாகிவிட்டன. ஆனால் பேஜ்ரேங்குக்கு வந்த மதிப்புகளின் கூட்டுத்தொகை மட்டும் போதும். தனித்தனி மதிப்புகள் வேண்டியதில்லை. வரும்போதே கூட்டிக்கொண்டு போனால் முனைக்கு ஓர் எண்தான். 4.17 கோடி முனைகளுக்கு எட்டு பைட் வீதம் 330 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். ஐம்பது மடங்குக்கும் மேலான குறைவு! செய்திகளை வழியிலேயே ஒன்றாக்கும் இந்த ஏற்பாடு ப்ரெகெலிலேயே இருந்தது. கூட்டல், சிறுமம், பெருமம் போல எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே விடை தரும் செயல்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

பொருந்தாத வேலைகளில்தான் நினைவகம் உண்மையில் வழிகிறது. 'நண்பரின் நண்பர்' பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கோடி பேர், ஒவ்வொருவருக்கும் சராசரி 200 நண்பர்கள். ஒவ்வொருவரும் தன் நண்பர் பட்டியலைத் தன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பவேண்டும். ஒரு நண்பருக்கு எட்டு பைட் வீதம் பட்டியல் ஒன்று 1,600 பைட். அனுப்பப்படும் பட்டியல்கள் 20,000 கோடி. பெருக்கினால் 320 டெராபைட். கோட்டுருவே வெறும் 1.6 டெராபைட்தான். எந்தத் தொகுதியும் இதை ஒரே சுற்றில் விழுங்காது.

ஃபேஸ்புக் குழு 2015இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குச் சொன்ன தீர்வு மிக எளியது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சுற்றைப் பல உட்சுற்றுகளாகப் பிரி. ஒவ்வோர் உட்சுற்றிலும் முனைகளில் ஒரு பகுதி மட்டும் செய்தி அனுப்பட்டும். வந்ததை உடனே பயன்படுத்தி முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போ. நூறாகப் பிரித்தால் ஒரே நேரத்தில் வேண்டிய இடம் 3.2 டெராபைட், 200 கணினிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 16 ஜிகாபைட். நெட்வொர்க்கில் போகும் மொத்தச் செய்தி குறையவில்லை. உச்சம் மட்டும் நூறில் ஒன்றாகிவிட்டது. வந்த செய்தியை அப்போதைக்கப்போதே முனையின் நிலைக்குள் சேர்த்துவிடக்கூடிய கணக்காக இருக்கவேண்டும் என்பது இதன் நிபந்தனை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் குறிப்பிடவேண்டும். பெறுபவரின் இடம் நிரம்பினால் அனுப்புபவரை நிறுத்திவைக்கலாமே என்று தோன்றும். இரண்டு கணினிகளும் நிரம்பிய நிலையில் ஒன்றுக்கொன்று அனுப்பக் காத்திருந்தால் இரண்டுமே என்றென்றைக்கும் நகராது. அனுப்புவதற்கு முன்பே இடத்தை ஒதுக்கித் தரும் ஏற்பாடோ, பெறுபவரே இடம் இருக்கும்போது கேட்டு வாங்கும் முறையோ, வட்டுக்குத் தள்ளும் வழியோ ஏதாவதொன்று கட்டாயம் வேண்டும். நினைவகம் தீர்ந்து ஒரு கணினி விழுந்தால் அதன் பங்கை மற்றவை ஏற்கவேண்டியிருப்பதால் அவையும் அடுத்தடுத்து விழும். வன்பொருள் பழுதுக்காக எழுதப்பட்ட மீட்பு ஏற்பாடு இந்த இடத்தில் நோயைப் பரப்புகிறது.

சமமற்ற பங்கீடு

இதுவரை சராசரியைச் சொல்லி வந்தேன். சமூக வலைத்தளங்களிலும் இணையத்திலும் சராசரி ஏமாற்றும். ட்விட்டர் தரவில் ஒரு கணக்கின் சராசரித் தொடர்பு 35. மிகப் பிரபலமான கணக்கைப் பின்தொடர்ந்தவர்களோ சுமார் 30 லட்சம் பேர். அந்த முனை எந்தக் கணினிக்குப் போகிறதோ அந்தக் கணினியே முதலில் வீழும். மற்ற கணினிகளில் எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும் பயனில்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2012இல் கொண்டுவந்த பவர்கிராஃப் இந்த இடத்தில் பார்வையையே திருப்பியது. அதுவரை முனைகளைப் பங்கிட்டு விளிம்புகளை வெட்டினார்கள். 64 கணினிகளுக்கு முனைகளைக் கண்மூடிப் பங்கிட்டால் நூற்றில் 98 விளிம்புகள் வேறு கணினிக்குப் போகும். பவர்கிராஃப் விளிம்புகளைப் பங்கிட்டு, பெரிய முனைகளைத் துண்டாக்கியது. 30 லட்சம் தொடர்புள்ள முனையின் நகல் ஒவ்வொரு கணினியிலும் இருக்கும். அந்தந்தக் கணினி தன்னிடமுள்ள விளிம்புகளுக்கான பகுதித் தொகையைக் கணக்கிட்டுத் தலைமை நகலுக்கு அனுப்பும். ஸ்பார்க் என்ற பரவல் கணிப்புத் தளத்தின் மேல் கட்டப்பட்ட கிராஃப்எக்ஸும் 2014இல் இதே பாதையில் போனது.

இதற்கும் ஒரு விலை உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். கணினிகளைக் கூட்டக் கூட்ட நகல்களும் கூடுகின்றன. ஆகவே கணினிகளை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொன்றின் சுமையும் பாதியாவதில்லை. 'நினைவகம் போதவில்லையா, இன்னும் பத்துக் கணினி சேர்' என்ற வழக்கமான அறிவுரை ஒரு கட்டத்துக்கு மேல் பலிக்காததற்குக் காரணம் இதுவே. எந்த விளிம்பை எங்கே வைப்பது என்று அறிந்து பங்கிட்டால் நகல்கள் குறையும். அந்தப் பங்கீட்டைச் செய்வதற்கே நினைவகம் வேண்டும் என்பது அடுத்த முடிச்சு. மெட்டிஸ் போன்ற பழைய தரமான கருவிகள் கோட்டுரு முழுவதையும், அதன் சுருங்கிய வடிவங்களையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. பங்கிடவே இடமில்லாதவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. ஸ்டான்டனும் கிலியட்டும் 2012இல் சொன்ன முறையும், 2014இல் வந்த ஃபென்னலும் தரவை ஒருமுறை படித்துக்கொண்டே வரும் வரிசையில் முடிவெடுப்பவை. பங்கீட்டின் தரம் சற்றுக் குறையும், நினைவகத் தேவை வெகுவாகக் குறையும். 2021இல் மேயரும் ஜேக்கப்சனும் முன்வைத்த கலப்பு முறை இரண்டையும் இணைக்கிறது. தொடர்பு குறைந்த முனைகளின் விளிம்புகளை நினைவகத்தில் வைத்து நுணுக்கமாகப் பங்கிடுகிறது. பெரிய முனைகளுக்கு இடையிலான விளிம்புகளைப் படித்தபடியே பங்கிடுகிறது. எங்கே கோடு கிழிப்பது என்பதைக் கையிலுள்ள நினைவகத்துக்கு ஏற்ப மாற்றலாம். நினைவக வரம்பை ஓர் உள்ளீடாகவே எடுத்துக்கொள்ளும் இத்தகைய வடிவமைப்பைத்தான் நான் முன்னேற்றம் என்பேன்.

பங்கீட்டை மாற்றாமல் வழிமுறையை மாற்றியே பெரிய முனைகளின் தொல்லையைத் தீர்க்கும் இடங்களும் உண்டு. முக்கோணங்களை எண்ணுவது அப்படிப்பட்ட ஒன்று. ஒரு முனையின் அண்டையர் ஒவ்வொரு இணைக்கும் இடையே விளிம்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 30 லட்சம் அண்டையர் என்றால் 4.5 லட்சம் கோடி இணைகள்! ஆனால் ஒவ்வொரு விளிம்பையும் தொடர்பு குறைந்த முனையிலிருந்து கூடிய முனை நோக்கி மட்டும் திருப்பிவைத்தால், எந்த முனையிலிருந்தும் வெளியே போகும் விளிம்புகள், மொத்த விளிம்புகளின் இரட்டிப்பின் வர்க்கமூலத்தைத் தாண்டா. ட்விட்டர் தரவில் அது ஏறத்தாழ 54,000. சுரியும் வசில்விட்ஸ்கியும் 2011இல் இந்தப் பழைய உத்தியை மேப்ரெட்யூஸ் என்ற பரவல் கணிப்பு முறையின் உலகுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாக் கணினிகளும் முடித்துவிட்டு ஒரே ஒரு கணினிக்காகக் காத்திருக்கும் அவலத்தைத் தீர்ப்பதே அவர்கள் நோக்கம். நினைவகத்தின் உச்சமும் அதோடு சேர்ந்து இறங்கியது.

வட்டின் துணை

நினைவகம் போதாவிட்டால் இயங்குதளமே வட்டை நினைவகம்போலப் பயன்படுத்திக்கொள்ளுமே என்று கேட்கலாம். கோட்டுருவில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. ஒரு முனையின் எட்டு பைட் மதிப்பைக் கேட்டால் இயங்குதளம் 4,096 பைட் பக்கம் ஒன்றைக் கொண்டுவரும். அடுத்து வேண்டிய அண்டை முனை வேறெங்கோ இருக்கும். கொண்டுவந்ததில் 512இல் ஒரு பங்குதான் பயன்படுகிறது. ஆகவே வட்டைப் பயன்படுத்துவதென்றால் படிக்கும் வரிசையையே மாற்றியமைக்க வேண்டும்.

கைரோலா, ப்ளெல்லாக், கெஸ்ட்ரின் மூவரும் 2012இல் வெளியிட்ட கிராஃப்கை அதைச் செய்து காட்டியது. முனைகளைச் சில இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளிக்குள் வந்து சேரும் விளிம்புகளை ஒரு கோப்பில் வைத்து, அந்தக் கோப்பைப் புறப்படும் முனையின் வரிசையில் அடுக்கினார்கள். ஓர் இடைவெளியைக் கணக்கிடும்போது அதன் கோப்பு முழுவதும் நினைவகத்துக்கு வரும். அந்த முனைகளிலிருந்து புறப்படும் விளிம்புகளோ மற்றக் கோப்புகளில் தொடர்ச்சியான சிறு துண்டுகளாக இருக்கும். இடைவெளி நகர நகர அந்தத் துண்டுகளும் வரிசையாக நகரும். எங்கும் தாவிப் படிக்கவேண்டியதில்லை. 8 ஜிகாபைட் நினைவகமுள்ள ஒரு மேக் மினியில் ட்விட்டர் தரவின் முக்கோணங்களை 90 நிமிடத்தில் எண்ணினார்கள். அதே வேலைக்கு மேப்ரெட்யூஸின் திறமூல வடிவமான ஹடூப் ஓடும் 1,636 கணினிகள் கொண்ட தொகுதி 423 நிமிடம் எடுத்ததாகச் சுரி, வசில்விட்ஸ்கி கட்டுரையில் பதிவாகியிருந்தது. கிராஃப்கை வந்த அதே ஆண்டு பவர்கிராஃப் 64 கணினிகளில் ஒன்றரை நிமிடத்தில் முடித்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து 2013இல் வந்த எக்ஸ்-ஸ்ட்ரீம் ஒரு படி மேலே போய், விளிம்புகளை வரிசைப்படுத்தவே வேண்டாம், உள்ளபடியே ஓடவிடலாம் என்றது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா விளிம்புகளையும் படித்தாகவேண்டும் என்பது அதன் பலவீனம். சமூக வலைகளில் சில சுற்றுகளே ஓடும் என்பதால் தாங்கும். அமெரிக்கச் சாலை வரைபடத்தைப் போல ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆயிரக்கணக்கான படிகள் வேண்டிய கோட்டுருவில், ஒவ்வொரு படியிலும் விழித்திருக்கும் சில முனைகளுக்காக முழுத் தரவையும் புரட்டவேண்டியிருக்கும்.

இந்த எண்ணங்களைப் பல கணினிகளுக்குக் கொண்டுபோனவற்றுள் இரண்டை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது நல்லது. டா யானும் தோழர்களும் உருவாக்கிய கிராஃப்டி ஒவ்வொரு கணினியிலும் முனைகளின் நிலையை மட்டும் நினைவகத்தில் வைக்கிறது. விளிம்புகளும் செய்திகளும் வட்டில். நினைவகத் தேவை, மொத்த முனைகளைக் கணினிகளின் எண்ணிக்கையால் வகுத்த அளவோடு முடிந்தது. விளிம்புகள் எத்தனை இருந்தாலும் அது கூடாது. வட்டால் வேலை தாமதமாகாதா? சாதாரண ஜிகாபிட் நெட்வொர்க் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் தராது. வட்டை வரிசையாகப் படிக்கும் வேகம் அதற்கு ஈடுகொடுக்கும். செய்தி நெட்வொர்க்கில் போய்க்கொண்டிருக்கும் நேரத்திலேயே வட்டு வேலையும் நடந்துவிட்டால் வட்டின் தாமதம் கண்ணுக்கே தெரியாது. முனைகளுக்குப் புதிய எண்களைக் கொடுத்து, எண்ணே நினைவக வரிசையில் இடத்தைச் சொல்லுமாறு செய்தபின், வரும் செய்திகளைத் தரம்பிரிக்காமலே நேராகக் கூட்டிவிடலாம்.

லொசான் குழுவின் கேயாஸ் 2015இல் வந்தது. அதன் எடுகோள் நேர் எதிர்: வட்டைவிட நெட்வொர்க் வேகமானது. ஆகவே எந்தத் தரவு எந்தக் கணினியில் இருக்கிறது என்று கவலைப்படவே தேவையில்லை. எல்லாவற்றையும் எல்லா வட்டுகளிலும் சிதறி வைத்து, யாருக்கு நேரமிருக்கிறதோ அவர் எடுத்துச் செய்யட்டும் என்றது. 32 கணினிகளில் ஒரு லட்சம் கோடி விளிம்புகளை, அதாவது 16 டெராபைட் தரவைக் கையாண்டு காட்டியது. ஒன்று நெட்வொர்க் மெதுவென்று நம்பியது, மற்றொன்று வட்டு மெதுவென்று நம்பியது. இரண்டுமே தத்தம் கணினி அறையில் சரி. ஒரு கட்டுரையின் முடிவைப் பெயர்த்தெடுத்துத் தம் தொகுதியில் நடுபவர்கள் முதலில் அளந்து பார்க்கவேண்டியது இந்த இரண்டு வேகங்களையும்தான். நொடிக்குப் பல ஜிகாபைட் படிக்கும் எஸ்எஸ்டிகள் மலிந்துவிட்ட பின் பழைய கணக்குகள் பலவும் திரும்பிவிட்டன. கலிஃபோர்னியாவின் அர்வைன் வளாகத்தில் உருவான ப்ரெகெலிக்ஸ் இதே சிக்கலைத் தரவுத்தளக்காரர்களின் கண்ணால் பார்த்தது. செய்திகள் ஓர் அட்டவணை, முனைகள் ஓர் அட்டவணை; இரண்டையும் இணைப்பதுதான் ஒரு சுற்று. நினைவகத்துக்கு மீறிய அட்டவணைகளை இணைப்பதில் தரவுத்தளத் துறைக்குப் பல பதிற்றாண்டு அனுபவம் உண்டு; அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

குறைவாகச் சுமப்பது

தரவையே சுருக்குவது ஏன் இத்தனை காலம் ஓரத்தில் கிடந்தது என்று எனக்குப் புரிவதில்லை. மிலானின் போல்டியும் விக்னாவும் 2004இலேயே வெப்கிராஃப் முறையை வெளியிட்டுவிட்டார்கள். ஒரு தளத்தின் பக்கங்கள் பெரும்பாலும் அதே தளத்துக்குள் இணைப்புக் கொடுக்கும். அருகருகே உள்ள பக்கங்களின் இணைப்புகளும் ஒன்றுபோல இருக்கும். முகவரிகளை அகரவரிசையில் எண்ணிட்டு, முழு எண்ணுக்குப் பதில் வித்தியாசத்தை மட்டும் எழுதி, முந்தைய பட்டியலிலிருந்து நகலெடுத்தால், 11.8 கோடி பக்கங்களும் சுமார் 100 கோடி இணைப்புகளும் கொண்ட தரவு இணைப்புக்கு 3.08 பிட் என்ற அளவுக்குச் சுருங்கியது. 64 பிட் வேண்டிய இடத்தில் மூன்று பிட்!

அதே இருவர் பங்கேற்ற இன்னோர் ஆய்வு எனக்கு இந்தத் துறையின் மிக அழகான சாதனையாகப் படுகிறது. ஃபேஸ்புக்கில் எந்த இருவருக்கும் இடையே சராசரி எத்தனை படிகள் என்று 2011இல் கணக்கிட்டார்கள். 72.1 கோடி பேர், 6,900 கோடி நட்புகள். விடை 4.74. ஒவ்வொருவரிடமிருந்தும் இத்தனை படிகளுக்குள் யார் யாரை எட்டலாம் என்ற கணங்களைத் துல்லியமாக வைத்திருக்க முயன்றால் முனைகளின் வர்க்கம் அளவுக்குப் பிட்கள் வேண்டும். உலகில் எந்தத் தொகுதியிலும் அதற்கு இடமில்லை. அவர்கள் கணங்களை வைத்திருக்கவில்லை. கணத்தின் அளவை மட்டும் தோராயமாகச் சொல்லும் ஹைப்பர்லாக்லாக் எண்ணிகளை முனைக்கு ஒன்றாக வைத்தார்கள். அவை சில பத்து பைட் போதும் என்ற வகை. இரண்டு கணங்களைச் சேர்ப்பது இரண்டு எண்ணிகளை ஒப்பிட்டுப் பெரியதை எடுப்பதுதான். பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் கணிதம் சொல்லிவிடும். வேலை முழுவதும் 72 ஜிபிபைட் நினைவகமும் 24 உள்ளகங்களும் கொண்ட ஒரே கணினியில் நடந்தது.

இந்தப் பின்னணியில்தான் மெக்‌ஷெர்ரி, ஐசர்ட், மரே மூவரும் 2015இல் எழுதிய குறுங்கட்டுரை பெரும் சலசலப்பை உண்டாக்கியது. ட்விட்டர் தரவில் பேஜ்ரேங்க் இருபது சுற்றுகளை ஒரு மடிக்கணினியின் ஒற்றை இழையில் ஓட்டினார்கள். 300 நொடி. 128 உள்ளகங்களில் ஓடிய கிராஃப்எக்ஸ் 419 நொடியும் ஜிராஃப் 596 நொடியும் எடுத்ததாக வெளியான முடிவுகள் இருந்தன. விளிம்புகளை, அருகருகே உள்ளவற்றை வரிசையிலும் அருகே வைக்கும் ஹில்பர்ட் வளைவின் வரிசையில் அடுக்கி நினைவகத்தில் வைத்தபோது ஒற்றை இழை 110 நொடிக்கு இறங்கியது. இதைப் படித்துவிட்டுப் பரவல் கணிப்பே வீண் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பல ஆய்வுகள் ஒரே கணினியில் அடங்கும் தரவை வைத்துக்கொண்டு அளவைப் பற்றிப் பேசின என்பதுதான் அதன் உண்மையான குற்றச்சாட்டு. ப்ளெல்லாக் குழுவினர் 2018இல் ஒரு டெராபைட் நினைவகமுள்ள ஒற்றைக் கணினியில், 350 கோடி பக்கங்கள் கொண்ட இணைய இணைப்புக் கோட்டுருவைச் சுருக்கிய வடிவிலேயே வைத்துப் பல கணக்குகளைச் செய்து காட்டினார்கள். பொதுவில் கிடைத்த கோட்டுருக்களில் மிகப் பெரியது அது. ஆகவே 'பெரியது' என்ற எல்லை அன்றே வெகுதூரம் தள்ளிப்போய்விட்டது.

கோட்பாட்டுப் பக்கம் கணினிக்கு எவ்வளவு நினைவகம் என்பதையே அடிப்படை அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கார்லாஃப், சுரி, வசில்விட்ஸ்கி 2010இல் வகுத்த மாதிரியின் வழியில் கேட்கும் கேள்வி இது: ஒவ்வொரு கணினியின் நினைவகமும் முனைகளின் எண்ணிக்கையைவிட வெகுவாகக் குறைவென்றால், கோட்டுரு ஒரே துண்டா பல துண்டா என்று சொல்ல எத்தனை சுற்றுகள் வேண்டும்? ஒரு பெரிய வளையத்தையும், அதில் பாதியளவுள்ள இரண்டு வளையங்களையும் வேறுபடுத்தவே முனைகளின் மடக்கை அளவுக்குச் சுற்றுகள் தேவை என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள், நிரூபணம் இல்லை. மாறாக, ஒரு கணினியில் முனைகளின் அளவுக்கும் சற்றுக் கூடுதலாக இடமிருந்தால் மாறாத சில சுற்றுகளே போதும். ஆன், குஹா, மெக்ரெகர் 2012இல் கண்ட நேரியல் சுருக்கங்கள் அதற்கு ஒரு வழி. முனைக்குச் சிறு சுருக்கம் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தால் துண்டுகள் தெரிந்துவிடும். முனைகள் நினைவகத்தில் அடங்குமா என்ற கேள்வியில் எல்லை விழுவதைக் கவனியுங்கள். முனைகளை நினைவகத்திலும் விளிம்புகளை எஸ்எஸ்டியிலும் வைக்கும் ஃப்ளாஷ்கிராஃப் போன்ற அமைப்புகள் அனுபவத்தால் வந்து நின்ற இடமும் அதுவே.

இன்று சிக்கல் இரண்டு புதிய முகங்களில் வருகிறது. ஒன்று நரம்பியல் வலைகளுக்கான கோட்டுருக்கள். 11.1 கோடி ஆய்வுக் கட்டுரைகளும் 160 கோடி மேற்கோள்களும் கொண்ட பொதுத் தரவு ஒன்று பயிற்சிக்குப் புழங்குகிறது. விளிம்புகளுக்கு 13 ஜிகாபைட் போதும். ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள 128 எண்களுக்கோ மொத்தம் 57 ஜிகாபைட் வேண்டும். முனைகள் சிறியவை என்ற பழைய எடுகோள் இங்கே தலைகீழ். அண்டையரில் சிலரை மட்டும் மாதிரியாக எடுப்பதும், முனைகளைத் தொகுதிகளாக்கி இரண்டு தொகுதிகளை மட்டும் நினைவகத்துக்குக் கொண்டுவந்து பயிற்சி தருவதும் இப்போதைய வழிகள். பின்னதைச் செய்யும் பைடார்ச்-பிக்கிராஃப், 12.1 கோடி முனைகளுள்ள ஃப்ரீபேஸ் தரவில் நினைவகத் தேவையை நூற்றுக்கு 88 குறைத்ததாக 2019இல் காட்டியது.

மற்றது உட்கோட்டுருத் தேடல்: மோசடிக் கும்பல்களையோ மூலக்கூற்று அமைப்புகளையோ ஒத்த சிறு வடிவங்களைப் பெரிய கோட்டுருவில் கண்டெடுப்பது. இங்கே இடைப்பட்ட விடைகளே வெடித்துப் பெருகும். மூன்று முனை வடிவங்களை எல்லாம் முதலில் எடுத்து, பிறகு நான்கு முனைக்கு விரித்து, பிறகு ஐந்துக்கு என்று அகலவாக்கில் போனால் எல்லாக் கணினிகளுக்கும் வேலை கிடைக்கும், நினைவகம் நிற்காது. ஒரு வடிவத்தை இறுதிவரை ஆழவாக்கில் துரத்திவிட்டு அடுத்ததற்குப் போனால் நினைவகம் வடிவத்தின் அளவோடு அடங்கும். ஆனால் அண்டைத் தகவலுக்காக ஒவ்வொரு முறையும் நெட்வொர்க்கை நாடவேண்டும். 2021இல் வந்த ஹியூஜ் என்ற அமைப்பு, இடம் இருக்கும்வரை அகலவாக்கிலும், ஒதுக்கிய இடம் நிரம்பியதும் ஆழவாக்கிலும் தானே மாறிக்கொள்கிறது. வரம்பு மீறாது என்பதற்கு நிரூபணமும் தருகிறது.

இந்த ஆய்வுகளை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது அப்படிப்பட்ட வாக்குறுதியைத்தான். பெரும்பாலான கட்டுரைகள் நேரத்தை அட்டவணையிடுகின்றன. அதிகபட்சம் நிரம்பிய கணினியில் உச்ச நினைவகம் எவ்வளவு என்பதைச் சொல்வது அரிது. பேஜ்ரேங்க் போன்ற வேலைக்கு முனைகள், விளிம்புகள், கணினிகள் என்ற மூன்று எண்களை வைத்து ஓட்டத்துக்கு முன்பே உச்சத்தைக் கணக்கிட்டுவிடலாம். உட்கோட்டுருத் தேடலில் உச்சத்தைத் தீர்மானிப்பது விடையின் எண்ணிக்கையே. அதுவோ வேலை முடிந்த பின்புதான் தெரியவரும். சிறு மாதிரியை ஓட்டி மதிப்பிடலாம் என்றால், மாதிரியில் சிக்காத ஒரே ஒரு பெரிய முனை மதிப்பீட்டைப் பல மடங்கு தவறாக்கிவிடும். அவ்வகை வேலைகளுக்கு, மதிப்பீட்டை நம்பி நினைவகத்தை ஒதுக்குவதைவிட, ஓடும்போதே வரம்பைக் காத்துக்கொள்ளும் அமைப்பைத் தேர்ந்து, அதற்காகும் கூடுதல் நேரத்தைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுவதுதான் இப்போதைக்குச் சரியான வழி.